சேலம் தாண்டாத வண்டி

எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை மிலிட்டிரிக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. இருந்தது அவருடைய வண்டி. ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஆறு சக்கர லாரி அது. ஏலத்தில் எடுத்த உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் சில காலம் அதில் தேங்காய் மட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து இவர் வாங்கி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றிவிட்டார். பச்சைப் பெயின்ட்டை மாற்றவில்லை. முன்பக்கம் வெள்ளையில் எழுதிய பட்டாளத்து எண்கள் பாதி உரிந்தும் பாதி உரியாமலும் இருக்கும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடும். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சரியாக இருக்கும்.

திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் அப்போது நாங்கள் குடியிருந்தோம். எதிரே லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து ஒற்றை அறைகள். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அறைக்கு நாலு பேர் ஐந்து பேர் என்று இருந்தார்கள். நான் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அந்த ஊர்ப் பெண்களோடு பத்து வருடம் ஒரே மேசையில் நின்று துணி பார்த்ததில் இந்தி பேச வந்துவிட்டது. எழுதவோ படிக்கவோ வராது.

மிலிட்டிரிக்காரரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்: அவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. நாம் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார். காதுக்குப் பின்னால் ஒரு முறை சொறிந்துகொண்டு, "பாத்துக்கலாங்க" என்பார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

ஒரு நாள் காலையில் ஒரே லோடு தண்ணீரை மூன்று இடத்துக்குச் சொல்லிவிட்டார். ஒரு காதுகுத்து வீடு, ஒரு சாவு வீடு, அப்புறம் எங்கள் தெரு. சாவு வீட்டில் பாதி இறக்கிவிட்டுக் காதுகுத்து வீட்டுக்குப் போனபோது பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. வீட்டுக்காரர் அவரை வண்டியை விட்டு இறங்கவிடாமல் நின்று திட்டினார். எங்கள் தெருவுக்குக் காலித் தொட்டியோடு வந்தபோது நாங்களும் திட்டினோம். அவர் கழுத்தில் போட்டிருந்த ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"ஏனுங்ணா, வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேற வண்டி சொல்லியிருப்பமல்லங்க?" என்றேன்.

"ஆமாங் அம்மிணி. சொல்லியிருக்கலாம்" என்றார். ஆச்சரியப்பட்டவர்போல் இருந்தது அவர் முகம். அப்படி ஒரு வழி இருப்பதை அப்போதுதான் கேள்விப்படுகிறவரைப்போல.

ஆனால் அடுத்த முறையும் அவரிடம்தான் போனோம். மற்ற தண்ணீர் வண்டிக்காரர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் நாளைக்கு, நாளை மறுநாள் என்பார்கள். இவர் ஒருவர்தான் சரி என்று சொல்கிறவர். சரி என்று காதில் விழுந்தாலே பாதித் தண்ணீர் வந்த மாதிரி இருக்கும் சித்திரை மாதத்தில்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூலனூரில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா, தன் மகளை இவருக்குத்தான் கொடுப்பது என்று இருந்தாராம். இவருக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் இவர். ஆனால் அக்கா கேட்ட ஒவ்வொரு முறையும், பாத்துக்கலாம் அக்கா என்றே சொல்லிக்கொண்டு நாலு வருடம் ஓட்டிவிட்டார். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அக்கா திருப்பி அனுப்பினார். கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு நாள் பஸ் ஏறி இங்கே வந்து, வண்டி நிற்கும் இடத்தில் நின்று கேட்டிருக்கிறது: "மாமா, உங்களுக்கு இஷ்டமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." இவர் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். பிறகு யாரோ ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார். இதை அவரே ஒரு முறை என்னிடம் சொன்னார். தன்னைப் பற்றிப் பேசுவதாகவே தெரியவில்லை, யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் அவரை வெறுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு என் வீட்டுக்காரரை, கொல்லையில் விறகு எடுக்கும்போது விரியன் கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஆட்டோக்காரர் பயந்துகொண்டு ஏற்ற மறுத்தார். மிலிட்டிரிக்காரர் அப்போது பக்கத்துத் தெருவில் முழுத் தொட்டியோடு நின்றிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொல்லி முடிக்கவில்லை, தலையாட்டிவிட்டார். தொட்டியின் வாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை ரோட்டிலேயே கொட்டிக்கொண்டு, பாரம் குறையக் குறைய வேகம் பிடித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கனத்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். என் தாலி அந்தத் தலையாட்டலில்தான் தங்கியது. அதனால் பிறகு நடந்ததில் அவருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு எனக்கும் உண்டு. நான் அவரை நம்பினேன். மற்றவர்களையும் நம்பச் சொன்னேன்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட வருடம். கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில் மூடிக்கொண்டன. மிஷின் சத்தம் இல்லாத திருப்பூரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. லைன் வீடுகளில் முதல் வாரம் தாயக்கட்டம் ஆடினார்கள். இரண்டாவது வாரம் பேச்சுக் குறைந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. பன்னிரண்டு பேர் ஒரு விடியற்காலையில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் முப்பத்தொரு பேர்.

அதில் ஒருத்தி சவிதா. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற டெய்லர். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். நாலு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பீகாரில் ஆற்றோரமாக ஒரு கிராமம். கட்டிங் வேஸ்ட்டில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அந்தக் குழந்தைக்குச் சின்னச் சின்ன கவுன் தைத்து வைப்பாள். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டால், வீடியோ காலில் கதவு நிலையோடு ஒட்டி நிற்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன் என்பாள்.

ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது அவள்தான் விளையாட்டாகக் கேட்டாள். இந்த வண்டி பட்டாளத்து வண்டிதானே, இமயமலைக்கே போயிருக்குமே, எங்கள் ஊருக்குப் போகாதா என்று. நான் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னேன். மிலிட்டிரிக்காரர் சிரிக்கவில்லை. காதுக்குப் பின்னால் சொறிந்தார்.

"பாத்துக்கலாங்க."

இந்தியில் அதை எப்படிச் சொல்வது? 'தேக்தே ஹைன்' என்று சொல்லியிருக்கலாம். பார்ப்போம் என்று பொருள். நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும். ஆனால் குடத்தோடு நின்ற அந்த முகங்களைப் பார்த்தபோது என் வாயில் வந்தது, 'ஹோ ஜாயேகா'. ஆகிவிடும். முப்பத்தொரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. தொட்டியை இறக்கினார். கட்டிங் மேசைப் பலகைகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பெஞ்சு அடித்தார். லாரி டிரைவர்களுக்குப் போன் செய்து வழி கேட்டார். பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், காசி, அப்புறம் பீகார். ஊர்ப் பெயர்களைத் துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியால் வண்டி நின்ற கொட்டகையின் தகரத்தில் எழுதி வைத்தார். ஒவ்வோர் ஊருக்கும் நேராக எத்தனை மணி நேரம், எங்கே டீசல், எங்கே சோறாக்கலாம், எந்த மேட்டில் எஞ்சின் சூடேறும் என்று குறித்தார். அவர் சேலம் தாண்டினதில்லை. ஆனால் நர்மதைப் பாலத்தில் வண்டி எப்படிப் போக வேண்டும் என்று போனில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் டயர் கழற்றினார், ஒருவர் பெயின்ட் சுரண்டினார். சவிதா, பெண்கள் உட்காரும் மூலைக்கு மறைப்புத் துணி தைத்தாள். கம்பெனி ஓனரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்து ஒரு மிஷினை நான்தான் கொடுத்தேன். பொழுதுக்கும் உட்கார்ந்து, கம்பி கோக்க மடிப்பு வைத்து, ஓரத்தில் ஒரு பூத்தையல்கூடப் போட்டாள். அந்த நாட்களில் லைன் வீடுகளில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

எல்லோருடைய ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு அவர் வண்டிக்கு பாஸ் கேட்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது, "என்னங்ணா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்னு இருக்குதுங் அம்மிணி" என்றார்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். என் முறையில்தான்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ரயில் விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரு நாள் காலையில் தன்னார்வலர்கள் இரண்டு பேர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். லைன் வீட்டு ஆட்கள் மிலிட்டிரிக்காரரைப் பார்த்தார்கள். சவிதா என்னிடம் கேட்டாள்: "அக்கா, பெயர் கொடுக்கவா? நம் வண்டிதான் இருக்கிறதே?"

நான் அவரிடம் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஸ்பேனரைத் துடைத்தார். "குடுத்தாலும் குடுக்கலாமுங்க... நம்ம வண்டியும் இருக்குதுங்களே... பாத்துக்கலாம்."

"தேவையில்லையாம்" என்று நான் இந்தியில் சொன்னேன். "ஆகிவிடும்."

பக்கத்து லைன்களில் பெயர் கொடுத்தவர்கள் ஆறாவது நாள் ரயில் ஏறிப் போனார்கள். போகும்போது எங்கள் ஆட்கள் அவர்களுக்குக் கையாட்டினார்கள். நீங்கள் ரயிலில் நெருக்கிக்கொண்டு போங்கள், நாங்கள் பட்டாளத்து வண்டியில் வருகிறோம் என்று கேலி வேறு செய்தார்கள்.

அது நடந்து இரண்டு நாள் கழித்து, ஏதோ இங்கிலீஷ் மெசேஜ் வந்திருக்கிறது படித்துச் சொல்லுங்கள் என்று அவர் தன் போனை என்னிடம் கொடுத்தார். சிம் கார்டு கம்பெனி மெசேஜ். அதற்கு மேலே விரலை நகர்த்தியபோது பழைய மெசேஜ்கள் வந்தன. உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூன்று தடவை. முதலாவது வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏனுங்ணா, இது என்னதுங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "இங்கிலீசு படிக்கத்தான் தெரியாதுங் அம்மிணி. விசயம் தெரியும். மொதல்ல போனப்பவே அந்த ஆபீசரு தன்மையாச் சொன்னாருங்க. தண்ணி வண்டியில ஆளு ஏத்தக்கூடாதாமா. அதுவும் அவ்வளவு தூரத்துக்கு எந்தக் காலத்துலயும் குடுக்கமாட்டாங்களாமா."

"மொதல்லயேவா? அப்புறம் ஏனுங்ணா இத்தனை நாளும் சொல்லல?"

"எப்படிங் சொல்றது? அந்தப் புள்ள துணி தெச்சுட்டிருந்துச்சுங்க."

"ரயிலுக்குப் பேரு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமல்லங்க!"

"வாய் வரைக்கும் வந்துச்சுங் அம்மிணி." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இங்க வந்து நின்னுக்கிச்சு. மறுக்கா குடுத்துப் பாத்தா, யாராச்சும் ஒருத்தரு செரின்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேனுங்க. நான் எல்லாத்துக்கும் செரின்னுதான சொல்றேன்."

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்றார். சொல்லித் தொலையுங்கள் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். வெளியே சவிதா மறைப்புத் துணியை வண்டியில் மாட்டி, இழுத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீளம் சரியாக இருக்கிறதா அக்கா?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன்.

மூன்று நாள் நானும் சொல்லவில்லை. தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்து முப்பத்தொரு பெயரையும் அடுத்த ரயிலுக்குக் கொடுத்தேன். பத்து நாளாவது ஆகும் என்றார்கள். பத்து நாள்தானே, தேதி தெரிந்ததும் ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள்போல.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்குச் சவிதா ஓடி வந்தாள். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், நேற்றிலிருந்து வெட்டி வெட்டி இழுக்கிறது, அந்தப் பக்கம் கோடையில் வருகிற மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்கிறார்கள் என்றாள். அழவில்லை. நேராக மிலிட்டிரிக்காரர் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அண்ணா, இன்னிக்குப் போலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்வதற்கு அதுதான் கடைசி இடம். அவர் தலையாட்டினார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

சவிதாவும், அவள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும், நானும் ஏறினோம். நான் எதற்கு ஏறினேன் என்று தெரியவில்லை. இறங்கச் சொல்ல முடியாததால் ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு வண்டி இல்லை. அவ்வளவு அகலமான ரோட்டில் அந்தக் கிழட்டு வண்டி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு போனது. சவிதா பெஞ்சில் உட்காரவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தே நின்றாள். இருபது கிலோமீட்டர் போயிருப்போம். மாவட்ட எல்லையில் தடுப்பு வைத்திருந்தார்கள்.

வயதான போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "எங்கீங்க போறீங்க?"

"பீகாருங்க" என்றார் மிலிட்டிரிக்காரர்.

போலீஸ்காரர் வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "இதுலயா?"

தலையாட்டினார்.

"பாஸ் இருக்குதுங்ளா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு அசைந்தது.

"இருக்குதா இல்லையா, அதச் சொல்லுங்க பெரியவரே. திட்டமாட்டேன்."

அவரால் முடியவில்லை. அங்கேகூட முடியவில்லை. கடைசியில் பின்னாலிருந்து நான்தான் சொன்னேன்: "இல்லீங்க சார்."

சவிதாவுக்கு அவ்வளவு தமிழ் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பின்பலகையைத் தாண்டி இறங்கி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு, ரோட்டில் வடக்குப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை. போலீஸ்காரர் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். முந்நூறு அடி தூரத்தில் பிடித்தேன். அவள் உடம்பெல்லாம் நெருப்பாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பாஸ் கிடைக்காது என்று எப்போது தெரிந்தது?

"இன்று காலையில்தான்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் போனைப் பிடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பத்துக்குப் பத்து அறையில், அடுக்கி வைத்த கவுன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சவிதா பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் விட்டு விட்டு வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது படம் நின்றுபோய், திரும்ப வந்தபோது வாசல் காலியாக இருந்தது. முதல் ரயிலில் போயிருந்தால் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருக்கும். போய் என்ன செய்திருப்பாள் என்று தெரியாது. மடியில் போட்டுக்கொண்டிருப்பாள்.

மிலிட்டிரிக்காரர் அறை வாசலில் நின்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டுச் சவிதா எழுந்து வந்தாள். அவரிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னாள்: "அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக வண்டியை எடுத்தது இவர் ஒருவர்தான்."

அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தது அதைத்தான். அவர் அதைக் கேட்டு அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ரயிலில் எல்லோரும் போனார்கள். அவர் மறுபடி தொட்டியை ஏற்றித் தண்ணீர் அடித்தார். ஒரு நாள் குழாயை மூடிவிட்டு என்னிடம் கேட்டார்: "நான் மொதல்லயே தெரிஞ்சு வெச்சிருந்தது அந்தப் புள்ளைக்குத் தெரியுங்ளா?"

"தெரியாதுங்ணா. அன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டனுங்க."

"ஏனுங் அப்படிச் சொன்னீங்க?" என்றார். என்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் அவரைக் காணவில்லை. வண்டி கொட்டகையில் நின்றது. பன்னிரண்டு நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்கு, தாடியோடு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சவிதாவின் ஆதார் நகலை ஒவ்வொருவரிடமாகக் காட்டிக் காட்டி அவள் ஊருக்கே போய்விட்டு வந்திருந்தார். சேலத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் பார்த்திராத மனிதர்.

"நேருல சொல்லிப்போடணும்னு போனனுங் அம்மிணி. போய் நின்னா, கட்டல எடுத்துப் போட்டு உக்கார வெக்கறாங்க. அந்தம்மா, மாமியாரு, என்ர காலத் தொட்டுக் கும்பிடுதுங்க. ஊரே வந்து பாக்குது. வண்டி எடுத்தவருன்னு புள்ள சொல்லி வெச்சிருக்குமாட்ட இருக்குது. நான் தமிழ்ல சொல்றேன். தெரிஞ்சுதான் வெச்சிருந்தேன், சொல்லாம உட்டுட்டேன், தப்பு என்ரதுன்னு. அவுங்க சிரிச்சுட்டே இன்னும் ரெண்டு ரொட்டி வெக்கறாங்க. சவிதாவுக்கும் அவ்வளவு தமிழு எட்டலீங்க. மூணு நாள் இருந்தனுங்க. சொல்லிட்டேதான் இருந்தேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பிறகு, "நீங்க போன் போட்டு அந்தப் பாஷைல சொல்லிருங் அம்மிணி. என்ர முன்னாலயே சொல்லிருங்க" என்றார்.

அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே சவிதா எடுத்தாள். "அக்கா, அண்ணா நல்லபடியாக வந்து சேர்ந்தாரா? இங்கே சரியாகவே சாப்பிடவில்லை. என் மகளைப் பார்க்க இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தது அவர் ஒருவர்தான் அக்கா. ஆற்றங்கரையில் அவளை வைத்த இடத்தைக் காட்டினேன். கும்பிட்டுவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்" என்று பேசிக்கொண்டே போனாள். மிலிட்டிரிக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், ஆமாம், வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார், நீ சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்தேன்.

"சொல்லிட்டீங்ளா?"

"சொல்லிட்டனுங்ணா."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்ணா."

தண்ணீர் குடித்த டம்ளரைப் படியில் வைத்தார். "திட்டக்கூட இல்லீங்ளா?"

"இல்லீங்ணா."

தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். அந்த மாதமே வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மூலனூருக்குப் போனார். அக்கா வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று தெரியாது. முருங்கைக்காய் மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்ததாக ஒருவர் சொன்னார். இரண்டு வருடத்தில் இறந்துபோனார். விஷயம் எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சவிதா இன்றைக்கும் மாதம் ஒரு முறையாவது பேசுவாள். முதலில் அவரைத்தான் விசாரிப்பாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்கிறேன்.